36 வயதில் தெரிந்து என்ன பயன்?

கேள்வி: நான் 36 வயதுப் பெண். கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு என் மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அவனைப் பற்றி மருத்துவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் என் சிறுவயதையே கேட்பதுபோல இருந்தது. அதன்பின் படித்துப் பார்த்ததில், எனக்கும் ஆட்டிசம் இருக்குமோ, கவனம் நிலைக்காத கோளாறான ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்குமோ என்று தோன்றுகிறது. ஓர் ஆலோசகரிடம் போனேன். "எம்.காம். முடித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிற உங்களுக்கா ஆட்டிசம்?" என்று சிரித்துவிட்டு, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார். இனி யாரிடம் போவது? இந்த வயதில் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

பதில்:

அந்தச் சிரிப்பை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். எம்.காம். பட்டத்தைக் காட்டி ஆட்டிசம் இல்லை என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் கணக்குப் பிரிவு என்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒத்துவருகிற இடம். விதிகள் எழுதியே இருக்கும், எண்கள் ஒன்று பொருந்தும் அல்லது பொருந்தாது, யாருடைய முகக்குறிப்பையும் படித்துக் கணக்கை முடிக்க வேண்டியதில்லை. அந்த ஆலோசகர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு: அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் பேசத் தெம்பு இருக்கிறதா? ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு முன் என்ன பேசுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறீர்களா? சக ஊழியர்கள் சிரிக்கும்போது ஒரு நொடி தாமதித்துச் சிரிக்கிறீர்களா? வெளியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதற்கு உள்ளே எவ்வளவு செலவாகிறது என்பதைக் கேட்காமல் பெரியவர்களிடம் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த மறைப்பு வேலைக்குத்தான் மாஸ்கிங் என்று பெயர். பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. "அமைதியான பெண்", "கூச்ச சுபாவம்", "கொஞ்சம் திமிர்" என்ற சான்றிதழ்களோடு பள்ளியும் கல்லூரியும் முடித்து வந்திருப்பார்கள். யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

மகனுக்குக் கண்டறியப்பட்டபின் தாயோ தந்தையோ தம்மை அடையாளம் கண்டுகொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. இரண்டுமே குடும்பத்தில் வழிவழியாக வருபவை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் அரிதல்ல. ஆனால் உலகம் முழுவதும் மனநல மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்., 2013இல் அதன் ஐந்தாம் பதிப்பு வரும்வரை, ஆட்டிசம் என்று எழுதினால் ஏ.டி.எச்.டி. என்று எழுத அனுமதிக்கவில்லை. அதற்கு முன் படித்து முடித்த சிலர் இன்னும் அந்த விதியிலேயே நிற்கிறார்கள். அதே பதிப்பில்தான் பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.க்கு அளவுகோல் கொஞ்சம் தளர்த்தப்பட்டது: 17 வயது நிரம்பியவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும், ஆனால் அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். இந்த 12 வயது நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது இதுதான் முக்கியமாகப் போகிறது.

இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களை நீங்கள் நிச்சயம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். ஏ.டி.எச்.டி.க்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர்.எஸ்., ஆட்டிசத்துக்கு 50 கேள்விகள் கொண்ட ஏ.க்யூ. ஆகியவை தரமான வினாத்தாள்கள். ஆனால் அவை சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும். தீர்ப்புச் சொல்ல உதவாது. பல ஆண்டுப் பதற்றமும், தூக்கக் குறைவும், மனச்சோர்வும் அதே மதிப்பெண்ணைக் கொண்டுவந்துவிடும். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மறதியையும் சோர்வையும் கொடுப்பவை. நம் ஊர்ப் பெண்களிடம் இரண்டும் சாதாரணம். ஆகவே மதிப்பீட்டுக்குப் போகுமுன் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்த்துவிடுங்கள். இதைச் சொன்னால் சிலர் "நீங்களும் நம்பவில்லையா?" என்று வருத்தப்படுவார்கள். நம்பாமல் சொல்லவில்லை. ஏ.டி.எச்.டி.யும் தைராய்டும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றொன்று படுத்தி எடுக்கும்.

இனி, யாரிடம் போவது என்பது. நம் ஊரில் "கவுன்சலர்" என்று பலகை மாட்டுகிறவரிடம் நடைமுறையில் யாரும் தகுதியைக் கேட்பதில்லை என்பதுதான் நிலைமை. மருந்து எழுத வேண்டுமானால் மனநல மருத்துவர், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். முறையான மதிப்பீட்டுக்கும், பேச்சுவழிச் சிகிச்சையான தெரபிக்கும் மருத்துவ உளவியலாளர். இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். உரியவர் என்றால் தயங்காமல் சொல்வார், கவுன்சிலின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். நானும் அந்தப் பதிவில் உள்ள உளவியலாளர்தான். என்னிடம் எண் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கவே செய்யும். பதிவு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசத்தில் நல்ல அனுபவம் உள்ளவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவர்கள். அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இங்கே பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்வி அளவுகோலும் குழந்தைகளை மனத்தில் வைத்தே உருவானது. அதை 36 வயதுப் பெண்மணியிடம் அப்படியே போட்டால் ஒன்றும் பிடிபடாது.

நல்ல மதிப்பீடு ஒரே அமர்வில் முடியாது. சிறுவயதைத் தோண்டிக் கேட்பார்கள். முடிந்தால் அம்மாவையோ, பெரியம்மாவையோ, அக்காவையோ அழைத்துவரச் சொல்வார்கள். பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மதிப்பெண்ணுக்காக அல்ல, ஆசிரியர் குறிப்புக்காக. "புத்திசாலி, ஆனால் கவனம் இல்லை", "மற்ற பிள்ளைகளோடு சேர்வதில்லை" என்ற ஒருவரிக் குறிப்புகள் எங்களுக்குப் பொக்கிஷம். அம்மாவிடம் கேட்கும்போது "நான் சாதாரணமாகத்தானே இருந்தேன்?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார். "எந்தத் துணியைப் போட்டால் அழுவேன்? எதைச் சாப்பிடவே மாட்டேன்? விருந்தாளி வந்தால் எங்கே போய் உட்காருவேன்?" என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் கொட்டும்.

கோவையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் அதிகம், ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் உடனிருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் செலவில்லாமல் சிகிச்சை தொடங்க அது நல்ல வாசல். விரிவான மதிப்பீட்டுக்குப் பெங்களூருவில் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனமும் உண்டு, சான்றிதழ் தொடர்பான வழிகாட்டுதலுக்கு அங்கே கேட்கலாம். தனியாரிடம் தெரபி என்றால் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணக் குறைப்பு உண்டா என்று கேட்பதில் தவறில்லை. பலர் வாரத்தில் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள்.

முன்பதிவு செய்யும்போதே மூன்று நான்கு கேள்விகள் கேளுங்கள். தொலைபேசியில் பேசுவது கடினம் என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். எழுத்தில் பதில் தர மறுப்பவரிடம் போகாமல் இருப்பதே நல்லது. பெரியவர்களில் ஆட்டிசம் அல்லது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? முறையான மதிப்பீடு முடியுமுன்பே தெரபி தொடங்கலாமா? அமர்வுகளுக்கு இடையில் நான் மறந்துபோனால் எப்படிக் கையாள்வீர்கள்? உங்கள் பார்வையில் என் தெரபி வெற்றி பெற்றது என்றால் நான் எப்படி இருப்பேன்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் ஆள் தெரிந்துவிடுவார். "எல்லாரையும்போல நன்றாகப் பழகுவீர்கள், கண்ணைப் பார்த்துப் பேசுவீர்கள்" என்று வந்தால் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். மாஸ்கிங் செய்தே களைத்துப்போய் வருகிறவருக்கு இன்னும் நன்றாக மாஸ்கிங் செய்யக் கற்றுக்கொடுக்கப் பணம் வாங்கும் வேலை அது. "களைப்பு குறைய வேண்டும், எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்ல வர வேண்டும்" என்ற திசையில் பதில் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம்.

முதல் சில அமர்வுகளில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். என்னிடம் வந்த ஓர் இளைஞர் (விவரங்களை மாற்றியிருக்கிறேன்) அதற்குமுன் வேறிடத்தில் பல மாதங்கள் தெரபிக்குப் போய், "ஒத்துழைப்பு இல்லை" என்ற குறிப்போடு நின்றுவிட்டவர். "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் மௌனம்தான். அவர் அடிக்கடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே டியூப் லைட் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அது கேட்கவே இல்லை. அதை அணைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, உணர்வை விட்டுவிட்டு உடம்பைக் கேட்டேன். "தாடை வலிக்கிறது. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. தண்ணீரும் குடிக்கவில்லை" என்றார். அங்கிருந்துதான் அன்றைய பேச்சு தொடங்கியது. தன் உணர்வுக்குப் பெயர் வைக்கத் தெரியாத இந்த நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. அது தெரியாத தெரபிஸ்ட் அதை எதிர்ப்பு என்று எழுதிவைப்பார்.

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியும் இதே சங்கதிதான். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பதற்றம் ஏறும். பயிற்சி கெட்டதல்ல. ஆனால் உங்களுக்கு ஒத்துவந்ததா என்று கேட்டு, இல்லையென்றால் நடந்துகொண்டே பேசலாம், கையில் எதையாவது உருட்டிக்கொண்டே பேசலாம், கேமராவை அணைத்துவிட்டு ஆன்லைனில் பேசலாம் என்று மாற்றிக்கொடுப்பவர்தான் தேவை. பெரியவர்களின் ஏ.டி.எச்.டி.க்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., பயன் தருகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் அங்கே "எண்ணத்தை மாற்று" என்பதைவிட நாள்காட்டி, பட்டியல், வேலையைத் துண்டாக்குவது, தள்ளிப்போடுவதைப் பிடிப்பது போன்றவைதான் பெரும்பகுதி. வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் கடிந்துகொள்ளும் தெரபிஸ்டிடம் ஏ.டி.எச்.டி. உள்ளவர் இரண்டாவது முறை பொய் சொல்வார், மூன்றாவது முறை வரமாட்டார். வீட்டுப்பாடம் ஏன் நடக்கவில்லை என்பதையே அந்த அமர்வின் பாடமாக எடுத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: நீங்கள் சிந்திப்பது தமிழில் என்றால் தமிழில் பேசும் தெரபிஸ்டைத் தேடுங்கள். அடிவயிற்றைப் பிசையும் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. ஏ.டி.எச்.டி.க்கு உண்டு. இந்தியாவில் முக்கியமாக மெத்தில்ஃபெனிடேட், அடாமாக்செடின் இரண்டும். முன்னது கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணை மருந்து, அதனால் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். கடைக்காரர் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்வார். எல்லாக் கடைகளும் அதை வைத்திருப்பதில்லை. எனவே மருத்துவரிடமே எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். அடாமாக்செடின் வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும்; நான்கு நாளில் பயனில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. இரண்டுக்குமே ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்க வேண்டும். "போதை மருந்தாமே" என்று உறவினர் யாராவது பயமுறுத்தினால் அந்தக் கேள்வியை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அவர்களிடம் வாதாடாதீர்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை. இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. வேலையும் குடும்பமும் நடத்துகிற ஒருவருக்கு அந்த அளவுக்குச் சான்றிதழ் கிடைப்பது எளிதல்ல என்பதே என் அனுபவம். அதற்காக அலையலாமா என்றால், அரசுப் பணித் தேர்வு எதுவும் எழுதும் எண்ணம் இல்லையென்றால் உங்கள் சக்தியை அங்கே செலவழிக்க வேண்டாம் என்பேன். மாறாக 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு நேரடியாக உதவும்: உங்கள் சிகிச்சை விவரங்களை மருத்துவரோ உளவியலாளரோ உங்கள் ஒப்புதல் இல்லாமல் அலுவலகத்திடம் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா என்றால், முதலில் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேளுங்கள். "வாய்மொழியாகச் சொன்னதை ஒரு மின்னஞ்சலாகவும் போட்டுவிடுங்கள்", "பிரிண்டர் பக்கத்திலிருந்து என் மேசையை மாற்றித் தர முடியுமா", "மாத முடிவு வாரத்தில் கூட்டங்களைக் காலையில் வையுங்கள்" என்பதற்கெல்லாம் நோய்க்குறிப்பு தேவையில்லை. என்னிடம் வரும் ஒரு கணக்காளர் மாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கலை ஒருநாளும் தவறவிட்டதில்லை. அவர் வீட்டு மின்கட்டணம் மட்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் என்றாலும், இணைப்பைத் துண்டிக்க ஆள் வரும்போதுதான் நினைவுக்கு வரும். அலுவலகத்தில் கெடு, அபராதம், கேட்க ஓர் ஆள் என்று எல்லாம் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கின்றன. வீட்டில் அப்படித் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை? சோம்பேறித்தனம்தானே?" என்று மனைவி கேட்டார், அவரும் தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தார். மின்கட்டணத்தை வங்கியிலிருந்து தானாகக் கட்டும்படி அமைத்தோம். இப்படி வீட்டு வேலைகளில் எதையெல்லாம் நினைவாற்றலிடமிருந்து பிடுங்கி வேறு ஏதாவதொன்றிடம் ஒப்படைக்கலாம் என்று பார்ப்பதே நல்ல தெரபியில் பாதி.

வீட்டில் ஓசை ஒரு பெரிய விஷயம். காலை ஏழு மணிக்கு ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் மிக்ஸி, கூடத்தில் டிவி, நடுவில் மகன் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான் என்றால், அவனுக்கு ஆகாத அதே ஓசை உங்களுக்கும் ஆகாது. நீங்கள் கத்தாமல் இருக்கப் பழகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சட்னியை முந்தைய இரவே அரைத்துவைப்பதும், சமைக்கும்போது இயர் பிளக் போட்டுக்கொள்வதும் சின்ன விஷயங்கள்தான், ஆனால் அலுவலகம் போகும்போது நீங்கள் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்க மாட்டீர்கள். கல்யாண வீடுகளுக்கு முகூர்த்த நேரத்துக்குப் போய், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். மாலை வரவேற்பில் அந்த ஒலிபெருக்கிக்கு அடியில் இரண்டு மணிநேரம் நிற்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. உறவினர்களோடு ஊட்டிக்குப் போய்வருவதை ஓய்வு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணவரிடமும் மாமியாரிடமும் எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். 2012இல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும்தான் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவரின் பக்கம் மட்டும் அல்ல. உங்கள் மௌனத்தைக் கணவர் கோபம் என்று படிப்பதும் ஒரு தப்பான வாசிப்புதான். அதைப் பேசித் தீர்க்க நல்ல இடம் தெரபி அறை. ஓர் அமர்வுக்கு அவரையும் அழைத்துப் போகலாம். மாமியாரிடம் பெயர் சொல்லி விளக்குவது பெரும்பாலும் வீண். "சத்தம் அதிகமானால் எனக்குத் தலை வலிக்கிறது அத்தை" என்பது பொய்யும் அல்ல, புரியாததும் அல்ல.

ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். பல ஆண்டு மாஸ்கிங் செய்தவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம். "எல்லாம் முடிந்துவிட்டால் தேவலை" என்ற நினைப்பு வந்துபோகிறது என்றால் மதிப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்க ஆட்டிசம் உறுதியாக வேண்டிய அவசியமில்லை.

தெரிந்து என்ன பயன் என்ற கேள்விக்கு, மகனை வைத்தே பதில் சொல்கிறேன். அவனுக்கு எந்தச் சட்டை குத்தும், எந்த ஓசை தாங்காது, எப்போது தனியாக விட வேண்டும் என்று வீட்டில் மற்ற எல்லாரையும்விட உங்களுக்குத்தான் முன்னால் தெரிந்திருக்கும். அதைப் பதற்றமான தாயின் கற்பனை என்று ஒதுக்கிவிடாமல், தெரிந்தவர் சொல்லும் தகவலாக அவனுடைய தெரபிஸ்டிடம் சொல்ல உங்களால் இனி முடியும். அடுத்தமுறை அவனை அழைத்துப்போகும்போது, உங்களுக்காகக் கேட்கச் சொன்ன அந்தக் கடைசிக் கேள்வியை அவனுக்காகவும் கேளுங்கள். வலுக்கட்டாயமாகக் கண்ணைப் பார்க்க வைப்பதும், கைகளை ஆட்டுவதை நிறுத்துவதும்தான் அங்கே குறிக்கோள் என்றால், உங்களுக்கு மட்டுமல்ல, அவனுக்கும் வேறு இடம் தேட வேண்டும்.